கறுத்துப்போன ஈறும் உப்பு கேட்கும் நாக்கும்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் கணவருக்கு 44 வயது. கொத்தனார் வேலை. எட்டு மாதமாக ஒரே அசதி. 68 கிலோ இருந்தவர் இப்போது 57 கிலோதான். பசி இல்லை, காலையில் எழுந்ததும் குமட்டல். படுக்கையிலிருந்து எழுந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது. ஆளும் ரொம்பக் கறுத்துவிட்டார். வெயிலில் வேலை பார்ப்பதால் என்று நினைத்தோம். ஆனால் நான்கு மாதமாக அவர் வேலைக்கே போகவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்து மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றியதும் தெளிந்துவிட்டார். எண்டாஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். எங்கள் ஊர் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டால் மட்டும் இரண்டு மூன்று நாள் நடமாடுகிறார், சாப்பிடுகிறார். போன வாரம் சேர்த்தபோது சோடியம் 122, பொட்டாசியம் 5.9 என்றார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் ஒருவர், அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாமல் இருக்கலாம், காலை எட்டு மணிக்குக் கார்டிசால் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இது என்ன நோய்? ஏன் வந்தது? 2009இல் அவருக்கு டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். 'அட்ரீனல் சோர்வு'க்கு என்று என் சித்தப்பா மகன் வாட்ஸப்பில் பார்த்து ஒரு பவுடர் வாங்கி அனுப்பியிருக்கிறான். கொடுக்கலாமா? இன்னொன்று. என் மாமியார் மூன்று வருஷமாக மூட்டுவலிக்குச் சாப்பிட்டுவந்த பொடியை இரண்டு மாதம் முன்பு நிறுத்தினார். அவருக்கும் இப்போது அசதி, வாந்தி. இது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமா?

வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே உங்கள் கணவரை அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சோடியம் 122, பொட்டாசியம் 5.9, எழுந்து நின்றால் மயக்கம், ஏற்கெனவே இரண்டு தடவை விழுந்திருக்கிறார். இந்த நிலையில் அவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வழியில் வாந்தியோ காய்ச்சலோ மயக்கமோ வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அங்கே பணியில் இருக்கும் டாக்டரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, "அட்ரீனல் பற்றாக்குறை இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் தளர்ந்து கிடந்தால், கார்டிசால், ஏ.சி.டி.எச். என்ற இரண்டு ஹார்மோன்களுக்கும் (அவை என்ன என்று கீழே சொல்கிறேன்) ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு 100 மில்லிகிராம் ஊசி போட்டு, சலைனும் வேகமாக ஏற்றுவார்கள். அதுதான் முறை. ரத்தம் எடுக்க வசதி இல்லாவிட்டால் ஊசியை முதலில் போட்டுவிட வேண்டும், பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இது ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் போடுகிற அதே ஊசிதான். சின்ன ஆஸ்பத்திரிகளில்கூட இருக்கும்.

சரி, இனி நோய்க்கு வருவோம்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்த மாதிரி ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம்தான். இவைதான் அட்ரீனல் சுரப்பிகள். இவற்றின் வெளிப்பகுதியில் சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள் உங்கள் கணவரின் கதையில் முக்கியம். ஒன்று கார்டிசால். ரத்த அழுத்தம் விழாமல், சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வதும், காய்ச்சல், காயம், அறுவை என்று எது வந்தாலும் உடம்பைத் தாங்கிப் பிடிப்பதும் அதன் வேலை. இன்னொன்று ஆல்டோஸ்டீரோன். சிறுநீரில் உப்பு வீணாகப் போகாமல் தடுத்து, மிச்சமான பொட்டாசியத்தை வெளியேற்றுவது அது. இந்த இரண்டாவது ஹார்மோன் இல்லாவிட்டால் சோடியம் சிறுநீரோடு போய்விடும், கூடவே நீரும் போகும், பொட்டாசியம் உள்ளேயே தேங்கிவிடும். உங்கள் கணவரின் ரிப்போர்ட்டில் இருப்பது அப்படியே இதுதான். நாம் பேச்சுவழக்கில் குளுக்கோஸ் பாட்டில் என்று சொல்வது பெரும்பாலும் உப்புநீர்தான். அவர் இழந்த உப்பையும் நீரையும் அது திருப்பிக் கொடுத்ததால்தான் ஏற்றியதும் தெளிந்தார். சுரப்பி அப்படியே இருந்ததால் வீட்டுக்கு வந்து சில நாளில் மறுபடி விழுந்தார்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். அவர் வழக்கத்தைவிட ஊறுகாயும் கருவாடும் தேடுகிறாரா? மோரில் இன்னும் கொஞ்சம் உப்புப் போடு என்கிறாரா? இந்த நோய் உள்ள பலருக்கு நாக்கு உப்பைக் கேட்கும். குடும்பத்தில் யாரும் அதை ஒரு நோய்க்குறியாக நினைத்து டாக்டரிடம் சொல்வதில்லை. இனிமேல் சொல்லுங்கள்.

கறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இந்த நோய் தவறிப்போவது பெரும்பாலும் அங்கேதான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் அட்ரீனலுக்கு மேலாளர். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பி, "கார்டிசால் கொடு" என்று கேட்கும். அட்ரீனலே பழுதாகிவிட்டால் எவ்வளவு கேட்டாலும் கார்டிசால் வராது. வராததால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக, விடாமல் ஏ.சி.டி.எச். அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த அதிகப்படியான ஏ.சி.டி.எச். தோலில் இருக்கும் நிறமிச் செல்களைத் தூண்டிவிட, ஆள் கறுப்பார். பாடப்புத்தகங்களில் இதற்குப் போடும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் படங்கள். அவர்களிடம் பார்த்தவுடன் தெரியும். நம்மவர்களிடம் "வெயில்ல அலையுறார், கறுத்துட்டார்" என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடும். நான்கு மாதம் வேலைக்கே போகாதவர் எப்படி வெயிலில் கறுத்தார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களே, அந்தக் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி.

டார்ச் வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஈறிலும், கன்னத்தின் உட்பக்கத்திலும், நாக்கிலும் கருநீலமாகத் திட்டுகள் இருக்கின்றனவா? உள்ளங்கை ரேகைகள் மை தீட்டின மாதிரி இருக்கின்றனவா? விரல் முட்டிகள், முழங்கை, அரைஞாண் கயிறு உரசும் இடுப்பு, சமீபத்தில் ஆறிய காயத்தின் தழும்பு, இவை மற்ற இடங்களைவிடக் கறுத்திருக்கின்றனவா? நம்மில் பலருக்கு ஈறு பிறவியிலேயே கறுப்புதான், அதனால் ஈறு கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதிதாகக் கறுத்ததா என்பதுதான் கேள்வி. அதற்குப் பழைய போட்டோ ஒன்றை எடுத்துப் போங்கள், ஒரு வருஷத்துக்கு முந்தையது இருந்தால் நல்லது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தாய். நான் பட்டமேற்படிப்பு படித்த காலத்தில் லாரி ஓட்டுநர் ஒருவரை மூன்று வாரம் வார்டில் வைத்திருந்தோம். வாந்தி, மெலிவு, லோ பி.பி. வயிற்றைப் பார்த்தோம், புற்றுநோயைத் தேடினோம், மனநலப் பிரிவுக்கும் அனுப்பிப் பார்த்தோம். அவருடைய அம்மா தினமும் என்னிடம், "என் பிள்ளை இவ்வளவு கறுப்பில்லைம்மா" என்றார். நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஒருநாள் அவர் மகனுடைய ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினார். படத்தில் இருந்தவர் வேறு ஆள் மாதிரி இருந்தார். அன்று மாலையே கார்டிசாலுக்கு ரத்தம் போயிற்று. அவர் பிழைத்து மறுபடி லாரி ஓட்டினார். ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவரை நாங்கள் இழந்திருக்கக்கூடும், அது எனக்கு இன்றும் மறக்கவில்லை.

இந்த நோயின் சிக்கலே இதுதான். ஒவ்வோர் அறிகுறிக்கும் கைக்கு எட்டின தூரத்தில் வேறு ஒரு காரணம் தயாராக இருக்கும். அசதிக்கு வேலை, கறுப்புக்கு வெயில், குமட்டலுக்கு அல்சர், மெலிவுக்குக் கவலை, எரிச்சலுக்கும் அழுகைக்கும் மனச்சோர்வு. தனித்தனி டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் அட்ரீனல் நினைவுக்கு வரும். அந்த இளம் டாக்டர் அதைத்தான் செய்திருக்கிறார். அவருக்கு என் வணக்கம். கார்டிசால் குறைந்தால் மனமும் உண்மையாகவே சோர்ந்துபோகும் என்பதால் மனச்சோர்வு என்று சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். புது டாக்டரிடம் காட்டி அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி ஒன்று உண்டு. கிளினிக்கில் ஓர் ஊசி போட்டால் இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கிறார் என்பது. என்ன ஊசி என்று நீங்கள் எழுதவில்லை. அநேகமாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கலாம். காய்ச்சல், உடம்புவலி, அலர்ஜி, அசதி என்று எதற்கெடுத்தாலும் அதைப் போடும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்த ஊசியின் ஒரு மில்லியில் 4 மில்லிகிராம் இருக்கும். அது சுமார் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனுக்குச் சமம். சுரப்பி வேலை செய்யாத ஒருவருக்கு நாங்கள் ஒரு நாளைக்குக் கொடுப்பதே 15 முதல் 25 மில்லிகிராம்தான். ஆக, நான்கைந்து நாளுக்கானது ஒரே குத்தில் உள்ளே போகிறது. எழுந்து நடக்காமல் என்ன செய்வார்? ஸ்டீராய்டு போட்டால் வேறு பல நோயாளிகளுக்கும் தற்காலிகத் தெம்பு வரும் என்பதால் இதை மட்டும் வைத்து அட்ரீனல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால் இது பெரிய துப்பு.

அதே ஊசி பரிசோதனையைக் கெடுத்துவிடவும் செய்யும். அது பிட்யூட்டரியைச் சில நாள் அடக்கிவைக்கும். அந்த நேரத்தில் கார்டிசால் பார்த்தால் சுரப்பி நல்லபடியாக இருப்பவருக்கும் குறைவாகக் காட்டும். ஆகவே கிளினிக்கில் போய், என்ன ஊசி, எந்தெந்தத் தேதியில் போட்டார்கள் என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், விவரம் கிடைத்தால் போதும்.

ஏன் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். 1855இல் லண்டனில் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் அடிசன் என்ற மருத்துவர்தான் இந்த நோயை முதன்முதலில் விவரித்து எழுதினார். அசதி, மெலிவு, தோல் கறுப்பு என்று வந்து இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்து, அட்ரீனல் சுரப்பி பழுதாகியிருப்பதைச் சொன்னார். அவர் விவரித்தது 11 பேரை. அவர்களில் பலருக்குச் சுரப்பியைத் தின்றிருந்தது காசநோய். இன்று மேல்நாடுகளில் காசநோய் குறைந்துவிட்டது. அங்கே இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பித் தன் சுரப்பியை அழிப்பதுதான் காரணம். நம் நாட்டில் அந்த வகையும் உண்டு, ஆனால் அடிசன் பார்த்த அந்தப் பழைய காரணம் இங்கே இன்னும் போகவில்லை.

2009இல் உங்கள் கணவருக்கு டிபி வந்தபோதே கிருமி ரத்தத்தின் வழியே அட்ரீனலுக்கும் போயிருக்கலாம். அங்கே வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். சுரப்பியின் பெரும்பகுதி, சுமார் 90 சதவீதம், அழிந்த பிறகுதான் அறிகுறிகள் வெளியே தெரியும். அதுவரை மிச்சமிருக்கும் கொஞ்சம் சுரப்பி எப்படியோ சமாளித்துவிடும். ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும்போதுதான் சமாளிக்க முடியாமல் ஆள் சரிவார். "திடீர்னு ஆச்சு" என்று குடும்பம் சொல்லும். உள்ளே அது பல வருஷமாக நடந்துகொண்டிருந்திருக்கும். மாத்திரையை ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் இது வரலாம். யாரும் தவறு செய்ததால் வந்ததில்லை.

இருந்தாலும் டிபிதான் என்று நான் இங்கே உட்கார்ந்து முடிவு கட்ட மாட்டேன். ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்று ஒரு பூஞ்சை நோய் இருக்கிறது. பறவை, வௌவால் எச்சம் கலந்த மண்ணில் வளரும் பூஞ்சை அது. மெலிவு, காய்ச்சல், வீங்கிய அட்ரீனல் என்று அப்படியே டிபியைப் போல வேஷம் போடும். ஆனால் டிபி மாத்திரைக்குக் கட்டுப்படாது. அவர் பழைய கட்டிடங்களை இடித்துப் பூசும் வேலை செய்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியே சுரப்பியை அழிக்கும் வகையாக இருந்தால் கூடவே தைராய்டு கோளாறு, வெண்திட்டு, இளம் வயதுச் சர்க்கரை போன்றவை அவருக்கோ ரத்த உறவுகளுக்கோ இருக்கலாம். நுரையீரல் போன்ற இடத்திலிருந்து புற்றுநோய் பரவி இரண்டு சுரப்பிகளையும் அடைத்துக்கொள்வதும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சுரப்பிக்குள் ரத்தம் கசிவதும், எச்.ஐ.வி. தொற்றும் மற்ற காரணங்கள். எல்லாவற்றையும் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். எதற்காக என்னென்ன பரிசோதனை செய்கிறார்கள் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பரிசோதனை இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுகிறது. கார்டிசால் உண்மையிலேயே போதவில்லையா? போதவில்லை என்றால் பழுது எங்கே?

முதல் கேள்விக்கு, காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் ரத்தம். கார்டிசால் விடியற்காலையில் ஏறி, காலையில் உச்சத்தில் இருந்து, நள்ளிரவில் மிகக் குறைந்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்குப் போய் ரத்தம் கொடுத்தால், குறைவாக வந்தாலும் அதை நம்ப முடியாது. எட்டு மணி ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். 18க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒருவர் ரத்த அழுத்தம் விழுந்து அவசரப் பிரிவில் கிடக்கும்போது எடுத்த கார்டிசாலை இந்த அளவுகோலில் பார்க்கக் கூடாது. அந்த நேரத்தில் நல்ல சுரப்பி முழு வேகத்தில் கார்டிசாலைக் கொட்டியிருக்கும். அப்போது 8 அல்லது 10 என்று வந்தால், லேப் தாளில் நார்மல் என்று அச்சாகியிருந்தாலும் அது நார்மல் இல்லை. இந்த இடத்தில் பலர் ஏமாந்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.

நடுவில் வரும் எண்களுக்குத் தூண்டல் பரிசோதனை செய்வார்கள். செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, 30 நிமிடத்திலும் 60 நிமிடத்திலும் கார்டிசால் பார்ப்பார்கள். சுரப்பி உயிரோடு இருந்தால் 18ஐத் தொடும். புதிய கருவிகள் வைத்திருக்கும் லேப்களில் இந்த எல்லை கொஞ்சம் குறைவு. அந்த ஊசி நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதில்லை, அதனால் சில இடங்களில் மெதுவாக வேலை செய்யும் வேறு வகை ஏ.சி.டி.எச். ஊசியைப் பயன்படுத்துகிறார்கள். அதுவும் பரவாயில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஏ.சி.டி.எச். அளவு. கார்டிசால் குறைந்து, ஏ.சி.டி.எச். இயல்பின் மேல் எல்லையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் பழுது அட்ரீனலில்தான். கார்டிசாலும் குறைவு, ஏ.சி.டி.எச்.சும் ஏறவில்லை என்றால் பழுது மேலே, பிட்யூட்டரியில். உங்கள் கணவர் கறுத்திருக்கிறார், பொட்டாசியமும் ஏறியிருக்கிறது. இரண்டுமே அட்ரீனலைத்தான் காட்டுகின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஏ.சி.டி.எச். ரத்தம் சீக்கிரம் கெட்டுவிடும். எடுத்தவுடன் ஐஸில் வைத்து, சீக்கிரமே பிரித்தெடுக்க வேண்டும். ஊரில் உள்ள கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்து, அது பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தால் வரும் எண் எதற்கும் உதவாது. இதற்காக ஒரு தடவை பெரிய மருத்துவமனைக்குப் போய்வருகிற அலைச்சல் வீண் போகாது.

அப்புறம் சி.டி. ஸ்கேன். டிபி, பூஞ்சை, புற்று இருந்தால் இரண்டு சுரப்பிகளும் பெருத்திருக்கும். ரொம்ப நாளான டிபியில் சுருங்கிச் சுண்ணாம்பு படிந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி அழித்த சுரப்பி சிறுத்துப்போயிருக்கும். பெருத்திருந்தால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது சில சமயம் அவசியம், ஏனென்றால் டிபியா பூஞ்சையா என்பது அதில்தான் தெளியும். அதற்கு முன், அட்ரீனலில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற ஒரு வகைக் கட்டி இல்லை என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ உறுதி செய்துகொள்வார்கள். அதில் ஊசி பட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறும். கூடவே மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, சர்க்கரை, எச்.ஐ.வி., தைராய்டு. தைராய்டுப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) லேசாக ஏறியிருக்கலாம். கார்டிசால் பற்றாக்குறையே அதை ஏற்றிவிடும். அதைப் பார்த்து யாராவது தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்தால், இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலும் வேகமாகச் செலவாகி ஆள் சரிந்துவிடுவார். முதலில் கார்டிசால், பிறகுதான் தைராய்டு.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. மறுபடியும் டிபி இருக்கிறது என்று தெரிந்து சிகிச்சை தொடங்கினால், அதில் ரிஃபாம்பிசின் என்ற மருந்து இருக்கும். சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும் அந்த மாத்திரைதான், 2009இல் பார்த்திருப்பீர்கள். அது ஈரலைத் தூண்டிக் கார்டிசாலை வேகமாக அழித்துவிடும். அட்ரீனல் பாதிப்பு தெரியாமலோ, ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்டாமலோ அதை ஆரம்பித்தால் சில நாட்களிலேயே நெருக்கடி வரலாம். ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலம் முழுக்க ஹைட்ரோகார்டிசோன் இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும். டிபி பிரிவில் மாத்திரை தருபவருக்கும், சுரப்பி மருத்துவருக்கும் நீங்கள்தான் நடுவில் ஆள். இருவரிடமும் சொல்லுங்கள்.

டிபி குணமானாலும் அழிந்த சுரப்பி திரும்ப வளர்வது அபூர்வம். ஹைட்ரோகார்டிசோனை நாளைக்கு இரண்டு மூன்று வேளையாகவும், உப்பைப் பிடித்துவைக்க ஃப்ளூட்ரோகார்டிசோனும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உடம்பு தானே செய்துகொள்ள வேண்டியதைத்தான் அதே அளவில் கொடுக்கிறோம். அவர் மறுபடியும் கரண்டி பிடித்துச் சுவர் எழுப்புவார் என்று நம்பிக்கையோடு சொல்கிறேன். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை இரண்டு மடங்காக்குவது, வாந்தி வந்து மாத்திரை உள்ளே நிற்காவிட்டால் உடனே ஊசிக்குப் போவது, இந்த இரண்டையும் டிஸ்சார்ஜ் ஆகும்போது எழுதி வாங்கிக்கொண்டு அவர் சட்டைப்பையில் வையுங்கள்.

இப்போது மாமியார். இது தொற்று நோய் இல்லை. உங்கள் கணவருக்கு நுரையீரலில் டிபி திரும்ப வந்திருந்தால் அது தொற்றலாம், அதற்காக வீட்டில் எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. ஆனால் மாமியாருக்கு வந்திருப்பது வேறு வழியில் வந்தது என்றே நினைக்கிறேன்.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிகளில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மூலிகை மருத்துவத்தையே நான் குறை சொல்லவில்லை. முறையாகப் படித்து, என்ன கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்து, பசி பிய்த்துக்கொண்டு வந்தால் அந்தப் பொடியைச் சந்தேகியுங்கள். இந்த மூன்று வருஷத்தில் மாமியாருக்கு முகம் நிலா மாதிரி உருண்டதா? வயிறு பெருத்துக் கைகால் மெலிந்ததா? தோல் மெலிந்து, லேசாக இடித்தாலே ரத்தம் கட்டியதா? சர்க்கரையோ பி.பி.யோ புதிதாக வந்ததா? ஆமாம் என்றால் பொடியில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து மூன்று வருஷம் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், பிட்யூட்டரி "இனி நான் கேட்க வேண்டியதில்லை" என்று ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிடும். கேட்பார் இல்லாமல் அட்ரீனலும் சுருங்கிப்போகும். அதன் பிறகு பொடியை ஒரே நாளில் நிறுத்தினால் வெளியிலிருந்தும் இல்லை, உள்ளிருந்தும் இல்லை. அசதி, வாந்தி, உடம்புவலி எல்லாம் அதனால்தான். இந்த வகையில் ஏ.சி.டி.எச். குறைவாக இருப்பதால் தோல் கறுக்காது. ஆல்டோஸ்டீரோன் பெரும்பாலும் வேறு கட்டுப்பாட்டில் இருப்பதால் பொட்டாசியமும் ஏறாது. அதனாலேயே இது இன்னும் எளிதாகத் தவறிப்போகும். உலகம் முழுக்க அட்ரீனல் பற்றாக்குறைக்கு மிகச் சாதாரணமான காரணமே இதுதான். பொடி மட்டுமல்ல, சிவப்பழகுக்கென்று மாதக்கணக்கில் பூசும் ஸ்டீராய்டு கிரீமும், மூட்டுக்குள் அடிக்கடி போடும் ஊசியும், அதிக அளவில் எடுக்கும் இன்ஹேலரும்கூட இதைச் செய்யலாம். இதைப் படிக்கும் ஆஸ்துமாக்காரர்கள் யாரும் இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, உங்கள் டாக்டரிடம் அளவைப் பற்றிக் கேட்டால் போதும்.

மாமியாரையும் கணவரோடு சேர்த்தே அழைத்துப் போங்கள். அவருக்கும் அதே எட்டு மணிக் கார்டிசால்தான். 10க்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துக்கொண்டது என்று பொருள். 5க்குக் கீழே என்றால் சின்ன அளவில் ஸ்டீராய்டு கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்து, சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இரண்டுக்கும் நடுவே வந்தால் பொறுத்திருந்து பார்ப்பார்கள். உங்கள் கணவருக்கு இல்லாத ஒரு நம்பிக்கை இவருக்கு உண்டு. பெரும்பாலோருக்கு இந்தச் சுரப்பி திரும்பி வரும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதுவரை பல் பிடுங்கினாலும் கண் ஆபரேஷன் செய்தாலும் "ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பிட்யூட்டரி வழியாக வரும் இந்த வகைக்கு வேறு காரணங்களும் உண்டு. நம் பக்கத்தில் இன்னும் காணப்படும் இரண்டை இங்கே பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போன பெண்களுக்குப் பிட்யூட்டரி ரத்தமில்லாமல் கருகிவிடலாம். பால் சுரக்காது, மாதவிடாய் திரும்பாது, அக்குள் முடி உதிரும், வருஷக்கணக்கில் அசதியோடு கிடப்பார்கள். இன்னொன்று கண்ணாடி விரியன் கடி. விஷமுறிவு மருந்தால் பிழைத்தவர்களில் சிலருக்குப் பிட்யூட்டரி பாதிக்கப்பட்டு, மாதங்கள், ஏன், வருஷங்கள் கழித்தும்கூட இதே பற்றாக்குறை தலைகாட்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பர்மாவிலும் இது பதிவாகியிருக்கிறது. பாம்பு கடித்ததற்கும் இப்போதைய அசதிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? வயலில் கடி வாங்கிப் பிழைத்தவர் யாராவது உங்கள் ஊரில் தெளியாமலே இருந்தால் அவரையும் ஒரு எட்டு மணிக் கார்டிசால் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த வாட்ஸப் பவுடர். தம்பி அன்பாகத்தான் அனுப்பியிருக்கிறான், ஆனால் கொடுக்காதீர்கள். வேலைப்பளுவால் அட்ரீனல் களைத்துப்போகிறது என்று இணையத்தில் சொல்லப்படும் 'அட்ரீனல் சோர்வு' என்று ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை. உங்கள் கணவருக்கு இருப்பது சோர்வு இல்லை, சுரப்பியின் அழிவு. அதைப் பவுடரால் சரிக்கட்ட முடியாது. அமெரிக்காவில் இந்தப் பெயரில் விற்கும் பொருள்களைச் சோதித்தபோது, லேபிளில் சொல்லாத தைராய்டு ஹார்மோனும் சிலவற்றில் ஸ்டீராய்டும் இருந்தன. தைராய்டு ஹார்மோன் இந்த நிலையில் அவருக்கு என்ன செய்யும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தப் பவுடரையும் சரி, மாமியார் வைத்திருக்கும் மிச்சப் பொடியையும் சரி, குப்பையில் போட்டுவிடாதீர்கள். இரண்டையும் பொட்டலத்தோடு ஒரு பையில் போட்டு, கிளினிக் ஊசிச் சீட்டு, 2009 டிபி அட்டை இருந்தால் அது, கணவரின் பழைய போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.